தூரத்துச் சொந்தம்

1475-ஆம் ஆண்டு பவேரியாவில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு முட்டை மட்டும் 1,94,345 செலவானதாம். மாடு 323, கோழி 40,000. மகள் கையேட்டைப் பிரித்து இதை வாசித்தபோது என் மனைவி, "சைவக்காரங்களுக்கு என்னத்தைப் போட்டாங்க?" என்று கேட்டாள். அடுத்தாற்போல, "அது சரி, முட்டையை யாரு உக்காந்து எண்ணுனா?" என்றாள். முதல் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. இரண்டாவதற்குச் சொல்லலாம். எவனோ ஒரு கணக்கன் எண்ணியிருக்கிறான், எண்ணியதை எழுதியிருக்கிறான், எழுதியதை அந்த ஊர் தொலைக்காமல் வைத்திருக்கிறது.

ஊர் லான்ட்ஸ்ஹூட். மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து அந்தக் கல்யாணத்தை மறுபடி நடத்திப் பார்க்கிறது. 2021-இல் வர வேண்டிய முறை கொரோனாவால் தள்ளிப்போய் 2023-இல் வந்தது. நாங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய ஊர்வலம் என்பதால் காலையிலேயே கிளம்பினோம். மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி, நாங்கள் இருவர், எலுமிச்சஞ்சோறு ஒரு தூக்கு. தூக்கு வேண்டாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிற குற்றாலத்துக்குப் போவதற்கே சோறு கட்டுகிற வீட்டில் பிறந்தவளிடம் அது எடுபடுமா?

அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை, பணக்காரர் என்றே பட்டப்பெயர் பெற்ற லுட்விக் பிரபுவின் மகன் கேயோர்க். பெண், போலந்து அரசர் நான்காம் காசிமிரின் மகள் ஹெட்விக். கிராக்கோவிலிருந்து இரண்டு மாதம் போல வழிநடந்து வந்து சேர்ந்திருக்கிறாள். பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கே நேரில் வந்திருந்த கல்யாணம். நடந்தது நவம்பரில். ஆனால் அந்த ஊர் நவம்பர் குளிரில் தெருவில் நின்று யார் பார்ப்பது என்று விழாவைக் கோடையில் வைத்துக்கொள்கிறார்கள். வசதிக்குத் தகுந்தபடி முகூர்த்தத்தை நகர்த்தியது என் மனைவிக்குக் கடைசி வரை ஒப்பவில்லை.

ஊர்வலம் என்றால் அது ஊர்வலம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் வேடம் கட்டி நடந்தார்கள். குதிரைவீரர்கள், கொடியை வானத்தில் வீசிப் பிடிக்கிறவர்கள், ஊதுகிறவர்கள், முரசடிக்கிறவர்கள், சமையற்காரர்கள், பிச்சைக்காரர்கள்கூட. பிச்சைக்கார வேடத்துக்கும் போட்டி உண்டு என்றார் எங்கள் மாப்பிள்ளை. உடையெல்லாம் பழைய ஓவியங்களைப் பார்த்துத் தைத்தவை. கைக்கடிகாரம் கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது, ஒட்டுமுடி கூடவே கூடாது. சொந்த முடிதான். அதற்காக முந்தின ஆண்டிலிருந்தே முடி வளர்க்கத் தொடங்கிவிடுவார்களாம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டு தாடி விடுகிற நம் ஊர்க்காரர்கள் போல இதுவும் ஒரு விரதம் என்று மனைவி புரிந்துகொண்டாள். அப்புறம்தான் அந்த ஆட்கள் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. போகிறவர்கள் 'ஹலோ' என்று கத்த, தெருவோரம் நிற்கிற கூட்டம் திருப்பி 'ஹலோ' என்று கத்தியது. அன்றைக்கு அந்த ஊரின் அரோகரா அதுதான். பேத்திக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பொன்முலாம் பூசிய வண்டியில் ஹெட்விக் வந்தாள். ஊர்ப் பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்திருந்தார்கள். இருபது வயது இருக்கலாம். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தாள். நிஜமான ஹெட்விக் கோயிலுக்குப் போகும்போது அழுதுகொண்டே போனாள் என்று சொல்கிறார்கள். மொழி தெரியாத ஊர், முன்பின் பார்க்காத மாப்பிள்ளை, அழாமல் என்ன செய்வாள்? பன்னிரண்டு வயதுப் பேரன் செல்போனில் மேலும் துருவி, "தாத்தா, இவங்க ரெண்டு பேரும் அப்புறம் சேர்ந்தே இருக்கலை" என்று என் காதில் சொன்னான். உண்மைதான். அவளைப் புர்க்ஹவுசன் கோட்டையில் வைத்துவிட்டு அவன் லான்ட்ஸ்ஹூட்டில் இருந்திருக்கிறான். அரசுரிமைக்கு ஆண் வாரிசு இல்லாமல் போக, 1503-இல் கேயோர்க் இறந்ததும் சொத்துச் சண்டை பெரும் போராகவே மூண்டது. 1504, 1505 என்று இரண்டு ஆண்டு ஊர்கள் எரிந்தன. முடிவில் லான்ட்ஸ்ஹூட்டுக்குத் தனி அரசு இல்லாமல் போயிற்று. ஆக அந்த ஊருக்கு எஞ்சிய நல்ல நாள் அந்தக் கல்யாணம் ஒன்றுதான் போலிருக்கிறது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவும் தொடர்ச்சியாகப் பிடித்து வைத்திருக்கவில்லை. நகர்மன்றத்தின் பெரிய கூடத்தில் 1880-களில் அந்தக் கல்யாண ஊர்வலத்தைச் சுவர் முழுக்க ஓவியமாகத் தீட்டினார்கள். அந்தச் சித்திரத்தைப் பார்த்துப் பார்த்து, இதை நாமே தெருவில் நடத்தினால் என்ன என்று இரண்டு ஊர்க்காரர்களுக்குத் தோன்ற, 1903-இல் முதல் விழா நடந்தது. இடையில் 400 ஆண்டுக்கு மேல் கல்யாணப் பேச்சே இல்லை. மறந்துபோன ஒன்றைக் கணக்கையும் ஓவியத்தையும் வைத்துத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

அந்தக் கல்யாணம் நடந்த புனித மார்ட்டின் தேவாலயத்தின் கோபுரம் முழுக்கச் செங்கல். 130 மீட்டர். செங்கல்லால் கட்டிய தேவாலயக் கோபுரங்களில் உலகத்திலேயே அதுதான் உயரம். 1500-ஐ ஒட்டி முடிந்தது என்று எழுதியிருந்தது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குள் வேறொரு கணக்கு ஓடிற்று. இவர்கள் இங்கே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில்தானே நம் தென்காசியிலும் ஒருவன் கோபுரம் எழுப்பினான்? 1446-இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கி, 1457-இல் ராஜகோபுரத்துக்குக் கால்கோள் போட்டு, முடிவதற்குள் 1463-இல் கண்ணை மூடிவிட்டான் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். மிச்சத்தைத் தம்பி குலசேகரன் முடித்தான். ஹெட்விக் அழுதுகொண்டு இந்தத் தெருவில் போனபோது பராக்கிரமன் செத்துப் பன்னிரண்டு ஆண்டு.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கோயம்புத்தூர்க்காரர். "அப்படியா மாமா? நம்ம கோபுரம் புதுசால்ல இருக்கு?" என்றார்.

புதிதுதான். அதுவும் ஒரு கதை. 1924-இல் கோபுரம் தீயில் போயிற்று. இடி விழுந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பிறந்து வளர்ந்த காலமெல்லாம் அது மொட்டைக் கோபுரம். நடுவில் பிளந்து, மேலே செடி முளைத்து, சாயங்காலமானால் புறாவும் கிளியுமாக இரைந்துகொண்டு நிற்கும். எங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. கோபுரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். முதன்முதலாகத் திருநெல்வேலிக்குப் போய் நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைப் பார்த்தபோது, இதற்கு ஏன் தலை இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேனாம். அவர் சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தார்.

எண்பதுகளில் சிவந்தி ஆதித்தன் முன்னின்று திருப்பணி தொடங்க, ஒன்பது நிலையும் ஒவ்வொன்றாக எழுந்தது. சுமார் 180 அடி. 1990 ஜூனில் குடமுழுக்கு. சாரல் காலம். ரத வீதி, மாசி வீதி, மொட்டை மாடி எங்கும் தலைதான். நான்கு வயது மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். மேலே கலசத்தில் ஊற்றிய தண்ணீர் எது, சாரல் எது என்று தெரியாமல் எல்லோரும் நனைந்து கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அப்பா பக்கத்தில் நின்று, "எங்க அப்பா பாக்காததை நான் பாத்துட்டேன்" என்று சொன்னார். மகளுக்கு அந்த நாளில் யாரோ வாங்கிக்கொடுத்த ஊதல் மட்டும்தான் நினைவிருக்கிறது.

லான்ட்ஸ்ஹூட் ரயிலில் திரும்பி வரும்போது, அடுத்த முறை ஊருக்கு வந்தால் பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கல்யாணத்தைக் காட்ட வேண்டும் என்று மனைவி முடிவு கட்டிவிட்டாள். காசி விசுவநாதருக்கும் உலகம்மைக்கும் ஐப்பசியில் நடக்கிற திருக்கல்யாணம். பவேரியாவில் அந்தச் சமயம் பள்ளிகளுக்கு இலையுதிர் கால விடுமுறை விடுவார்கள் என்பதால் அது தோதாகவும் இருந்தது.

அப்படி அவர்கள் வந்த ஓர் ஐப்பசியில், கல்யாணத்தன்று காலையில் குற்றாலம் போனோம். கல்யாணத்துக்குக் குளித்துவிட்டுத்தானே போக வேண்டும்? எங்கள் வீட்டு வழக்கம் அது. என் சின்ன வயதில் அப்பா எங்களை வரிசையாக உட்கார வைத்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அப்படியே பஸ் ஏற்றுவார். எண்ணெய் வழிகிற பிள்ளைகளைக் கண்டக்டர் பின்பக்கம் நிற்கச் சொல்வார். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. அதுவும் நல்லதுதான். ஆனால் எண்ணெய் வாடை இல்லாத குற்றாலம் எனக்கு முழுக் குற்றாலமாகத் தெரிவதில்லை.

ஐப்பசிக் குற்றாலம் வேறு, ஆனிக் குற்றாலம் வேறு. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வரும். மழை என்று சொல்ல முடியாமல் சாரலாகத் தூவும், நடுவே வெயிலும் எட்டிப் பார்க்கும். அரசு சாரல் விழா நடத்துவதும், கொழுகொழு குழந்தைப் போட்டி, நாய்க் கண்காட்சி எல்லாம் வைப்பதும் அப்போதுதான். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் கடைகளும் அப்போதுதான். ஐப்பசியில் அப்படி இல்லை. இடியோடு கொட்டுகிற மழை. மலைமேல் பெய்தது நமக்குத் தெரியாது. தண்ணீர் செம்மண் நிறத்தில் கட்டையும் கல்லுமாக இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் சட்டென்று வந்த வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோனது. மறுபடி ஆட்களை விட எத்தனையோ நாள் ஆயிற்று. அதனால் போலீசார் கயிறு கட்டினால் நான் வாதாடுவதில்லை. அன்றைக்கும் மெயினருவியில் கயிறு கட்டியிருந்தார்கள். ஐந்தருவியில் விட்டார்கள்.

பேரன் முதலில் தண்ணீருக்கு உள்ளே போக மாட்டேன் என்றான். அங்கே நீச்சல் குளத்தில் தண்ணீரின் சூட்டை எழுதிப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து இறங்கிப் பழகியவன். நான் கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்தேன். முதல் அடி முதுகில் விழுந்ததும் வாயில் தமிழும் வரவில்லை, ஜெர்மனும் வரவில்லை. கத்தினான். கொஞ்ச நேரத்தில் வெளியே வர மாட்டேன் என்றான். பெண்கள் பக்கத்திலிருந்து பேத்தி 'ஹலோ' என்று கத்தியது இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ராஜபாளையத்துக்காரர் ஒருவர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்து, அவரும் ஒரு ஹலோ போட்டார்.

அருவியை விட்டு வெளியே வந்ததும் வருகிற பசிக்கு ஈடு கிடையாது. மனைவி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கட்டியிருந்தாள். கூடவே கொஞ்சம் புளியோதரை. மாப்பிள்ளை மூன்றாம் முறை போட்டுக்கொண்டார். சிப்ஸ் பொட்டலத்தைக் குரங்கு கொண்டுபோனதில் பேத்திக்குக் கொள்ளைச் சந்தோஷம். அண்ணனுடைய பொட்டலம் என்பதால்.

பிறகு குற்றாலநாதர் கோயில். அகத்தியர், பெருமாளின் தலையில் கையை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அழுத்திய அழுத்தலில் சுவாமிக்குத் தலைவலி. அதற்காக மூலிகைத் தைலம் காய்ச்சித் தலையில் சாத்துகிறார்கள். அருவிக் குளிருக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று சுக்கு, மிளகு போட்ட கஷாயமும் உண்டு. இதைச் சொன்னதும் பேத்தி சுவாமியை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தாள். லான்ட்ஸ்ஹூட் தேவாலயத்தில் அவள் மூச்சுவிடாமல் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே அவள் கேட்டது, "கஷாயம் கசக்காதா?" என்று.

சித்திரசபைக்கு நடந்தே போனோம். நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் தில்லை பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், எங்களுக்குச் சித்திரம். உள்ளே விக்கிரகம் கிடையாது. ஆடுகிற நடராசர் சுவரில் ஓவியமாக இருக்கிறார். சுற்றிலும் சுவர் முழுக்கத் தேவர்கள், முனிவர்கள், திருவிளையாடல்கள். மார்கழித் திருவாதிரைக்கு இங்கே தாண்டவ தீபாராதனை நடக்கும். எதிரே தெப்பக்குளம், நடுவில் மண்டபம், பின்னால் திரிகூட மலை. இந்த மலையைப் பாடித்தான் திரிகூட ராசப்பக் கவிராயர் குறவஞ்சி எழுதினார். ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் இங்கேயே தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் கம்பனையும் அதையும் சொல்லிச் சொல்லிச் சாப்பாடும் போட்டார். நான் இதையெல்லாம் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் ஒரே ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டான். "நகர்மன்றத்துல பாத்தோமே, அது மாதிரி இதைப் பாத்துத்தான் இங்கயும் விழா எடுக்க ஆரம்பிச்சாங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இங்கே ஓவியம் விழாவைத் தொடங்கி வைக்கவில்லை, விழாதான் ஆண்டுக்கு ஒருமுறை ஓவியத்தைத் தேடிக்கொண்டு வருகிறது என்றேன். சொன்ன பிறகு, சரியாகத்தான் சொன்னோமா என்று எனக்கே யோசனையாக இருந்தது.

சாயங்காலம் தென்காசிக்கு வந்துவிட்டோம். கோபுர வாசலில் நுழையும்போது காற்று எதிரே நின்று தள்ளும். பத்தடி உள்ளே போனால் அதே காற்று முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். ஆனி, ஆடியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அன்று ஐப்பசியின் மந்தக் காற்று. இருந்தாலும் பேத்தி நான்கு முறை உள்ளேயும் வெளியேயும் ஓடிச் சோதித்துப் பார்த்தாள். முன்மண்டபத்தில் ஒரே கல்லில் இழைத்த வீரபத்திரர், தாண்டவச் சிலைகள், ரதி, மன்மதன். அந்தத் தூண்களின் அடியில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

"நம்ம ராஜாவும் முட்டைக் கணக்கு மாதிரி எழுதி வச்சிருக்காரா?" என்று பேரன் கேட்டான்.

எழுதி வைத்திருக்கிறான். ஆனால் எத்தனை ஆடு, எத்தனை கோழி என்றில்லை. தொடங்கிய ஆண்டைச் சொல்லிவிட்டு, பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறான். அதில் ஒரு பாட்டின் பொருளைப் பேரனுக்குச் சொன்னேன். இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத ஒரு கேடு பின்னால் எப்போதாவது வந்துவிட்டால், அன்றைக்கு முன்வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும், அவரை உலகம் அறிய இப்போதே நான் வணங்கிக்கொள்கிறேன் என்கிறான் பராக்கிரமன். அவன் அரசன். மாலிக் காபூர் படையெடுத்த பிறகு மதுரை கைவிட்டுப்போய், தெற்கே ஒதுங்கி வந்த பாண்டியர் வழியில் பிறந்தவன். கட்டுவதெல்லாம் ஒருநாள் இடியும் என்று அவன் பரம்பரைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கட்டி முடிக்காத கோயிலின் சுவரில், பிறக்காத ஒருவனுக்குக் கும்பிடு போட்டு வைத்திருக்கிறான். 1990-இல் செய்தவர்களுக்கு, மறுபடி 2025 ஏப்ரலில் குடமுழுக்குச் செய்தவர்களுக்கு, சாரம் கட்டிய கொத்தனாருக்கு, சாந்து சுமந்த பெண்ணுக்கு என எல்லோருக்கும் சேர்த்து.

லான்ட்ஸ்ஹூட்காரர்கள் 1475-க்கு நடந்து போகிறார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முடி வளர்த்துக்கொண்டு, ஒரு பொத்தான்கூட மாறாமல். பராக்கிரம பாண்டியனோ அங்கிருந்து நம் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறான். நாம்தான் காது கொடுப்பதில்லை. எங்கள் தெருவில் கோயிலைக் கட்டியது எந்தக் காலம் என்று கேட்டால், பாதிப் பேர் 'ராஜா காலம்' என்பார்கள். மிச்சப் பேர், சுவாமி கனவில் வந்து எறும்புச் சாரி போகிற வழியே போகச் சொன்னார், அது சிற்றாற்றங்கரையில் போய் நின்றது என்று கதையை அழகாகச் சொல்வார்கள். ஆண்டு மட்டும் வராது. முட்டையை எண்ணி வைத்த ஊரைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். அந்த விழாவுக்கு உடை தைக்கிறவர் அளவுக்கு நம் ஊர்க் கல்வெட்டைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இருட்டுகிற நேரத்தில் தெற்கு மாசி வீதிக்குப் போனோம். தபசு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சங்கரன்கோவில் ஆடித்தபசுதான் தெரியும். எங்கள் ஐப்பசித் தபசு அந்த அளவு பேர் வாங்கவில்லை. உலகம்மை தவக்கோலத்தில் வந்து காத்திருக்கிறாள். காசி விசுவநாதர் வந்து காட்சி கொடுக்க வேண்டும். தெரு முழுக்கச் சீரியல் பல்பு. ஒரு கடையில் பக்திப் பாட்டு, அடுத்த கடையில் சினிமாப் பாட்டு. யாரும் பாண்டியர் காலத்து உடையில் இல்லை. சீர்பாதம் தாங்குகிறவர்களில் ஒருவர் காதில் புளூடூத் வைத்திருந்தார். நாதசுரக்காரர் கையில் கடிகாரம், பட்டர் மூக்கில் கண்ணாடி. லான்ட்ஸ்ஹூட்டாக இருந்தால் இந்த மூன்று பேரையும் வரிசையை விட்டு வெளியே அனுப்பியிருப்பார்கள்.

"இங்க பொண்ணா யாரு நடிக்காங்க?" என்று பேத்தி கேட்டாள்.

"நடிக்கவா?" என்றாள் மனைவி. அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சப்பரத்தைக் கையால் காட்டினாள். "அங்க நிக்காள்ல, அவதான் பொண்ணு."

"நிஜப் பொண்ணா?"

"பின்னே?"

பேத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இவங்க ரெண்டு பேரும் அப்புறம் சேர்ந்து இருக்காங்களா?" என்று கேட்டாள். அண்ணன் லான்ட்ஸ்ஹூட்டில் என்னிடம் காதோடு சொன்னதை அவளும் கேட்டிருந்திருக்கிறாள். "ஒரே கோயில்ல பக்கத்துப் பக்கத்து சன்னதி. நேத்து நீயே பாத்தியே" என்றாள் என் மனைவி. அதற்குள் மேளம் உயர்ந்தது. சுவாமி வந்துவிட்டார். மாலை மாறியது. முன்னால் நின்ற ஆள் பிள்ளையைத் தூக்கிப் பிடித்ததில் எனக்குப் பாதி மறைத்தது.

இரவு கோயிலில் திருக்கல்யாணம். கன்னிகாதானம், காப்பு, திருப்பூட்டு. தாலி ஏறும் நேரத்தில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அவரவர் கழுத்து மஞ்சள் கயிற்றையும் மாற்றிக்கொண்டார்கள். மியூனிக்கில் மெல்லிய சங்கிலியோடு அலுவலகம் போகிற என் மகளும் அம்மா நீட்டிய கயிற்றைச் சத்தமில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை முடிச்சுப் போட வேண்டுமா என்று கேட்டார். ஒரு முடிச்சு போட்டார். பேரன் அதை வீடியோ எடுத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசான ஆச்சி ஒருத்தி வெகு நேரமாகப் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்துவிட்டு, "ஏட்டி, நீ யாரு வீடு? பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டாள்.

பேத்தி முழித்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "மியூனிக்" என்றாள்.

"அது எங்கன இருக்கு? கடையநல்லூர் பக்கமா?"

"அதைத் தாண்டிப் போணும் பாட்டி" என்றார் மாப்பிள்ளை.

"அப்பம் தூரத்துச் சொந்தம்" என்றாள் ஆச்சி. "சாப்டுட்டுத்தான் போணும், என்னா?"